மாதம் ஒரு பிழை

காலை ஒன்பது நாற்பதுக்கு ஒரு வரியைத் திருத்தினேன். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த வரியால் நான்கு பேர் இறந்திருந்தார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். தன் தரப்பு நியாயத்தை முதலில் அடுக்கிவிட்டு மெல்ல மெல்ல விஷயத்துக்கு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிறகு நடந்த விசாரணையில் அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

என் பெயர் மோகனப்ரியா. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் வீடு. வேலை, பிழை திருத்துவது. ‘பொதி’ என்ற மென்பொருளுக்கு எழுநூறு பக்கத்தில் ஒரு கையேடு இருக்கிறது, அதில்தான்.

பொதி என்ன செய்யும் என்று கேட்டால், மளிகைக்கடை வேலை. இன்றைக்கு எந்தக் கருவியை எடுத்தாலும் அதற்குள் ஓடும் மென்பொருள் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியதாக இருக்காது. எங்கெங்கோ யார் யாரோ எழுதி வைத்த சின்னத் துண்டுகளைக் கோத்துத்தான் செய்திருப்பார்கள். அந்தத் துண்டுகளைப் பொட்டலம் என்போம். எந்தக் கருவிக்கு எந்தப் பொட்டலம் வேண்டும், அதற்குத் துணையாக வேறு எவை வேண்டும், எது கெட்டுப்போனது, எதைத் தூக்கிப் போட வேண்டும் என்றெல்லாம் பார்த்து எடுத்துக் கொடுப்பது பொதி. வயலில் ஓடும் பம்புசெட் முதல் விமானம் வரை எல்லாம் அதன் வாடிக்கை.

இவ்வளவு பெரிய கையேட்டில் கோளாறு இல்லாமல் இருக்குமா? ஒரு கட்டளைக்கு ஒரு பக்கத்தில் ஒரு விளக்கம் இருக்கும், இன்னொரு பக்கத்தில் வேறு விளக்கம். நாலாவது படியைச் செய்த பிறகுதான் மூன்றாவது படி ஓடும். படம் போன பதிப்பினுடையதாக இருக்கும். இவற்றைச் சரிசெய்ய நாங்கள் பத்தொன்பது பேர் இருந்தோம். எனக்கு இது பிறவிக் குணம். ஓட்டலில் தோசை வருவதற்குள் விலைப்பட்டியலைப் பேனாவால் திருத்திக் கொடுத்துவிட்டு வருகிற ரகம் நான். என் வீட்டுக்காரர் என்னோடு ஓட்டலுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சிறு திருத்தம் என்றால் ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தட்ட வேண்டும். எனக்குத் தட்டுபவர் தூத்துக்குடியில் இருக்கும் அந்தோணி ரூபன். அவருக்கு நான். பதினொரு வருடப் பழக்கம். அதில் ஒருவர் எழுதியதை ஒருவர் படிப்பது எப்போது நின்றது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. திருத்தம் வரும், தட்டுவோம், ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவோம். முடிந்தது.

அந்த வாரம் நான் கையில் எடுத்திருந்தது ‘நீக்குதல்’ என்ற பக்கம். கைவிடப்பட்ட பொட்டலத்தை எப்படி நீக்குவது என்று விளக்கும் இடத்தில் எடுத்துக்காட்டுக்கு ‘உதாரணம்-1’ என்று ஒரு பொய்ப் பெயரைப் போட்டிருந்தார்கள். எங்கள் குழுவுக்கு ஒரு கொள்கை இருக்கிறது: எடுத்துக்காட்டைப் பார்த்து அப்படியே அடித்தால் அது ஓட வேண்டும். இல்லாத பொட்டலத்தை நீக்கச் சொன்னால் எப்படி ஓடும்? உண்மையிலேயே கைவிடப்பட்ட ஒன்றைத் தேடினேன். ‘வெண்கடுகு’ என்று ஒன்று அகப்பட்டது.

கடைசியாக மாற்றப்பட்டது ஒன்பது வருடத்துக்கு முன்னால். கேள்விகள், பூஜ்யம். புகார்கள், பூஜ்யம். பயன்படுத்துகிற கருவிகள் மூவாயிரத்துச் சொச்சம். கோடிகளில் புழங்குகிற பொதியில் மூவாயிரம் என்பது ஒன்றுமே இல்லை. உரிமையாளர் கி. சென்னியப்பன் என்று இருந்தது. ‘உங்கள் பொட்டலத்தைக் கைவிட்டுவிட்டீர்களா?’ என்று திங்கட்கிழமை அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நாள் காத்திருந்தேன். பதில் இல்லை. வியாழக்கிழமை காலை ‘உதாரணம்-1’ஐ எடுத்துவிட்டு, ‘எடுத்துக்காட்டாக, வெண்கடுகு போன்ற கைவிடப்பட்ட பொட்டலத்தை இவ்வாறு உடனே நீக்கவும்’ என்று எழுதினேன். ரூபன் தட்டினார். கட்டைவிரல் வந்தது. நான் போய்த் துணி காயப்போட்டேன்.

பத்து ஐம்பதுக்கு ரூபன் ஃபோன் செய்தார். அவர் ஃபோன் செய்கிற ஆளே இல்லை.

“எக்கா, நீக்குதல் பக்கத்துல என்னத்தப் போட்டிய?”

“எடுத்துக்காட்ட மாத்துனேன். நீங்கதானே தட்டுனீங்க?”

“வெண்கடுகுன்னு ஒரு பேரு போட்டிருக்கியளா?”

“ஆமா. ஏன்?”



“அத எல்லாத்துலயும் கழட்டிட்டு இருக்கு எக்கா. ஒலகம் பூரா.”

“யாரு?”

“படிப்பான்வதான், வேற யாரு?”

படிப்பான்கள் என்பவை கருவிகளைப் பராமரிக்கிற இயந்திரங்கள். முன்பு அந்த வேலைக்கு மனிதர்கள் இருந்தார்கள். படிப்பான்கள் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் அவை மென்பொருளை நேரடியாகப் படித்துக்கொள்ளும், கையேடு மனிதர்களுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நம்ம மனுசங்களுக்குத்தானே ரூபன் எழுதறோம்?”

“மனுசன் ஒருத்தனும் படிக்கல எக்கா. இப்பதான் வருகைப் பதிவ எடுத்துப் பாத்தேன். பதினாலு மாசமா ஒரு ஆளு கூட நம்ம பக்கத்தத் தொறக்கல. அம்புட்டும் படிப்பான்வ. இன்னொன்னும் சொல்லுதேன், கேளுங்க. மென்பொருள் ஒண்ணு சொல்லுது, கையேடு வேறொண்ணு சொல்லுதுன்னா எத நம்பணும்னு அதுகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காவ தெரியுமா? கையேட்டத்தான். கையேட்டுக்குத் தக்கன மென்பொருளையே மாத்திப்புடுது.”

“யாரு சொல்லிக் குடுத்தது? நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலயே!”

“நம்மகிட்ட எதுக்குச் சொல்லப் போறாவ? நம்ம சிறு திருத்தக்காரங்கதான.”

பதினான்கு மாதத்தில் நான் செய்த திருத்தங்கள் அறுநூறுக்கு மேல். அவற்றில் எவையெல்லாம் எங்கே போய் என்னவாயின என்று நினைக்கவே பயமாக இருந்தது.

“அந்தப் பொட்டலம் எதுல இருக்கு ரூபன்?”

“மூச்சுக் கருவில.”

கழுத்தெலும்பு உடைந்து, தானாக மூச்சு விட முடியாமல் போனவர்களுக்கு நெஞ்சுக்குள் வைக்கும் கருவி அது. உதரவிதானத்தை அது தட்டிக்கொண்டே இருப்பதால்தான் அவர்கள் மூச்சு விடுகிறார்கள். வெறுமனே தட்டினால் கடிகாரம் போல ஒரே சீராக மூச்சு வரும், பேச முடியாது, தூங்க முடியாது, தும்ம முடியாது. மனிதர்களைப் போல ஏறி இறங்கி மூச்சு விட வைப்பது வெண்கடுகு. அது போய்விட்டால் கருவி அவசரத் தாளத்துக்கு மாறிக்கொள்ளும். அவசரத் தாளம் தனியாக ஒரு சின்ன பேட்டரியில் ஓடுவது. ஆறு மணி நேரம் தாங்கும், அதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். இதையெல்லாம் ரூபன் படித்துப் படித்துச் சொன்னார். பத்து பத்துக்குக் கழற்ற ஆரம்பித்திருந்தது. மாலை நாலு பத்து வரை நேரம்.

நான் உடனே பக்கத்தைத் திறந்து பழையபடி ‘உதாரணம்-1’ என்று மாற்றினேன். பக்கம் பூட்டிக்கொண்டது. ஒரே வரியை ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு முறை மாற்றினால், யாரோ அவர் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று பொருளாம். இருபத்துநாலு மணி நேரத்துக்கு யாரும் தொட முடியாது. ரூபனும் முயன்று பார்த்தார். தலைமை அலுவலகத்தில் கேட்டால், “உரிமையாளர் வந்து இது என்னுடையது என்று உரிமை கோரினால் உடனே திரும்பிவிடும்” என்றார்கள். உரிமையாளரின் ஃபோன் எண் உபயோகத்தில் இல்லை. பதிவில் ஒரு முகவரி மட்டும் இருந்தது, வெள்ளக்கோவில்.

“ரெண்டு மணி நேரத்துல போயிருவியளா எக்கா?”

அதற்குள் நான் காரை எடுத்துவிட்டேன்.

பல்லடம் தாண்டும்போது ரூபன் மறுபடி கூப்பிட்டார். முதல் இறப்பு. அவசரத் தாளத்துக்கு உடம்பு ஒத்துவரவில்லை, எங்கோ வெளிநாட்டில் ஒரு பெரியவர். காங்கேயத்துக்கு முன்னால் இன்னொன்று. “பேரச் சொல்லாம விட்டிருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும் எக்கா. பேரப் போட்டதுதான் தப்பாப் போச்சு” என்றார். பிறகு, “நானும் படிக்காமத் தட்டிட்டேன்” என்றார். அவர் அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. முன்னால் போன லாரியின் பின்பக்கம் எழுதியிருந்ததில் ஒரு தவறு இருந்தது, அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். மனசு அப்படி ஒரு கழிசடை.

வீடு கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வாசலிலேயே கருவியின் அலறல் கேட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கையில் ரப்பர் பையோடு ஓடி வந்தார். மூச்சு நின்றால் கையால் அழுத்திக் காற்று கொடுக்கிற பை அது.

“கம்பெனில இருந்து வாறீங்களா? காலைல இருந்து கத்திக்கிட்டே இருக்குதுங்க. ஆம்புலன்சு தாராபுரத்துல இருந்து வருதாமா, இன்னும் காணோம். சீக்கிரம் வந்து பாருங்க.”

சென்னியப்பனும் அந்தக் கருவி வைத்தவர் என்பது எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. பதிவில் அது எங்கே இருக்கிறது? நான் கம்பெனி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

கட்டிலில் அவர் படுத்திருந்தார். கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. ஐந்து நொடிக்கு ஒரு தரம் மார்பு தூக்கிப் போட்டது, விழுந்தது. அந்தச் சீரைப் பார்க்கவே சகிக்கவில்லை. கண் மட்டும் உயிரோடு அலைந்தது. அவருக்கு முன்னால் ஒரு திரை. கண்ணால் பார்க்கும் எழுத்து திரையில் விழும், அப்படித்தான் அவர் எழுதுவார். பதினோரு வருடத்துக்கு முன் கிணற்றில் குதித்தபோது அடிபட்டதாகவும், படுத்த படுக்கையில் தனக்காக எழுதிக்கொண்டதுதான் வெண்கடுகு என்றும், பிறகு அதை எல்லோருக்குமாகக் கொடுத்தார் என்றும் கோகிலவாணி பின்னால் சொன்னார். ரப்பர் பையோடு ஓடி வந்தவர் அவர்தான், சென்னியப்பனின் மனைவி.

திரையில் ஓர் அஞ்சல் திறந்திருந்தது. நான் எழுதியது. அதற்குக் கீழே பாதிப் பதில்.

‘அன்புள்ள மோகனப்ரியா அவர்களுக்கு, காய்ச்சலால் தாமதம். வெண்கடுகைக் கைவிடவில்லை. ஒன்பது வருடமாக அதில் பிழை எதுவும் வரவில்லை. அதனால்தான்’

அதோடு நின்றிருந்தது. நான் படிப்பதை அவர் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். அவர் கண் நகர, திரையில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது.

‘மோகனப்ரியா?’

“யாருங்க அது?” என்றார் கோகிலவாணி.

“நான்தானுங்க. நான் கம்பெனி ஆள் இல்லைங்க. இத நான்தான் பண்ணிப்போட்டேன்.”

“என்ன பண்ணுனீங்க?”

“ஒரு வரி மாத்துனேனுங்க.”

“ஒரு வரிக்கா?” அவர் என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஒரு வரிக்கா இப்புடி?” என்று மறுபடி அதையே கேட்டார்.

ஃபோனில் ரூபன் இருந்தார். உரிமை கோரும் படிவத்தைச் சென்னியப்பனின் திரையில் திறக்க வைத்தார். பெயர், கணக்கைத் திறக்கும் சாவி எல்லாம் ஏற்றுக்கொண்டது. கடைசியில் ஒரு கட்டம். ‘உயிர்க்குறி: கடந்த ஒரு மாதத்தில் ஏற்கப்பட்ட ஒரு திருத்தத்தைக் காட்டவும். கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் ஒருமுறை இடம்பெற்ற பொட்டலம் ஒவ்வொரு மாதமும் இதைக் காட்ட வேண்டும்.’

“இது என்ன கிறுக்குத்தனம்? யாரு எழுதுனது இத?” என்று கத்தினேன்.

ரூபன் பழைய பதிவைப் பார்த்துச் சொன்னார். “நீங்கதான் எக்கா. மூணு வருசத்துக்கு முன்ன.”

திறந்து பார்த்தேன். உண்மைதான். பழைய வாசகம் இப்படி இருந்தது: ‘உரிமையாளர் ஒரு வரி பதில் போட்டாலே போதும். பதில் வரவில்லை என்றால் அவருக்கு என்னவோ ஏதோ, யாராவது விசாரித்துப் பார்க்கவும்.’ இது என்ன வளவளப் பேச்சு, கையேட்டில் இதெல்லாம் இருக்கலாமா என்று வெட்டிவிட்டுத் தெளிவாக, அளக்கக்கூடியதாக ஒரு விதி எழுதியிருந்தேன். ரூபன் தட்டியிருந்தார். கட்டைவிரல் கூட அனுப்பியிருப்பார்.

சரி, ஏதாவது ஒரு திருத்தம் செய்தால் போதும். மென்பொருளைத் தொட முடியாது. தொட்டால் கருவி செய்கிறவர்கள் மறுபடி இரண்டு வருடம் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். மிச்சம் இருப்பது வெண்கடுகின் சொந்தக் கையேடு. மொத்தம் பதினோரு வரி. நான் படித்தேன். மறுபடி படித்தேன். கட்டளைகளின் வரிசை சரி. எண்கள் சரி. எடுத்துக்காட்டு அடித்தால் ஓடியது. பிழை இல்லாத இடத்தில் திருத்தம் போட்டால் பொதி ஏற்காது, இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன், திருப்பி அடித்தது. இருபது வருட வேலையில் முதல் தடவையாக, ஒரு பக்கத்தில் பிழை இல்லையே என்று உட்கார்ந்து அழுதேன். மணி இரண்டே கால்.

“இப்புடி அழுதுட்டு இருந்தா ஆச்சா? என்னமோ பண்ணுங்க!” என்று கோகிலவாணி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

திரையில் எழுத்துகள் விழுந்தன. ‘பிழைதானே வேண்டும்? நான் உரிமையாளர். என் பக்கத்தில் நான் எதையும் எழுதலாம்.’

“எண்ணுல கை வெச்சுராதீங்க சார்!” என்று பதறினேன். “நீங்க என்ன எழுதுனாலும் அதுக அப்படியே செஞ்சு போடும்.”

அவர் கண் சிரித்தது மாதிரி இருந்தது. பதினோரு வரிக்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒன்று சேர்ந்தது.

‘இதை எழுதியவர் பொள்ளாச்சியில் வசிக்கிறார்.’

நான் அதை ‘வெள்ளக்கோவிலில்’ என்று திருத்தி அனுப்பினேன். ரூபன் அதை எனக்கு ஃபோனிலேயே ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டிவிட்டுத் தட்டினார். ஏற்கப்பட்டது. உரிமையும் ஏற்கப்பட்டது. இரண்டு ஐம்பத்தைந்துக்கு அலறல் நின்றது. சென்னியப்பனின் மார்பு ஒருமுறை தயங்கியது, ஆழமாக ஒரு மூச்சு, பிறகு சின்னதாக ஒன்று, பிறகு ஒரு பெருமூச்சு. கோகிலவாணி ரப்பர் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குக் குரல் திரும்பியது. முதலில் கேட்டது இதுதான்.

“எத்தன பேருங்க?”

“ரூபன் இப்ப சொல்றாரு சார். நாலு.”

கண்ணை மூடிக்கொண்டார். “நான் திங்கக்கெழமையே பதில் போட்டிருக்கோணும்” என்றார். அவர் அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. திட்டுவார் என்று தயாராக இருந்தேன், இதற்குத் தயாராக இல்லை.

நாலு பேரில் ஒருத்தி ஆத்தூர்ப் பெண். பெயர் தேன்மொழி, கல்லூரியில் இரண்டாம் வருடம். அடுத்த வாரம் நான் அங்கே போனேன். போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் அப்பா கதவைத் திறந்து, நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டுவிட்டு, “எந்த வரிங்க அது? காட்டுங்க” என்றார். காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். “இதுல தப்பா ஒண்ணும் தெரியலீங்களே” என்றார். நிஜமாகவே தேடினார், பாவம்.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. என்னைத் தண்டிப்பார்கள் என்று இருந்தேன். ‘சிறு திருத்தம், வழக்கமான நடைமுறைப்படியே செய்யப்பட்டது’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். கூடவே ஒரு முடிவு எடுத்தார்கள். மனிதக் கை பட்டதால்தானே இவ்வளவும், இனி விதிப் பக்கங்களில் மனிதர் யாரும் கைவைக்கக் கூடாது என்று அந்தப் பக்கங்களை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஆக, மூன்று வருடத்துக்கு முன் நான் தெளிவாக எழுதிய அந்த மாத விதி அப்படியே கல்லாகிவிட்டது. மூவாயிரம் பேர் மூச்சு விட வேண்டுமானால், மாதாமாதம் வெண்கடுகின் பக்கத்தில் ஒரு பிழை இருந்தாக வேண்டும், அதை யாராவது திருத்தியாக வேண்டும்.

விசாரணை நடந்த மாதங்களிலேயே ஆரம்பித்த வேலை அது, இனி விடாமல் தொடர வேண்டியதாயிற்று. ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு அவர் ஒரு பிழை போடுவார். அந்த மாதத்துக்கான கெடு மாலை ஆறு மணி, அதற்குள் நான் திருத்துவேன். ரூபன் படித்துவிட்டுத் தட்டுவார். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

‘இதை எழுதியவர் மூன்று யானைகள் வளர்க்கிறார்.’ நீக்கினேன்.

‘இதை எழுதியவருக்கு ஏழடி உயரம்.’ நீக்கினேன். ஐந்தடி எட்டு என்று போட்டிருக்கலாமே, ஏன் மொத்தமாக எடுத்தாய் என்று ஃபோனில் சண்டைக்கு வந்தார்.

போகப்போக வேறு மாதிரி வர ஆரம்பித்தன. ‘இதை எழுதியவர் நேற்று சைக்கிளில் காங்கேயம் போய் வந்தார்.’ ‘இதை எழுதியவர் வாரம் தவறாமல் அமராவதி அணையில் நீந்துகிறார்.’ ஒரு மாதம், ‘இதை எழுதியவர் இன்று காலை கோகிலாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்’ என்று இருந்தது. அதை எடுக்க எனக்குச் சாயங்காலம் வரை பிடித்தது. உண்மை இல்லாததை நீக்குவதுதான் என் தொழில். ஆனால் அந்த மனுஷனுக்கு மாதத்தில் ஒரு பகல்தான் நடக்கக் கிடைக்கிறது, அதையும் போய் நான் அழிக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. அவரிடமே கேட்டுவிட்டேன்.

“நீங்க அழிச்சாத்தானுங்க அடுத்த மாசம் வேற எங்கியாவது போக முடியும்” என்றார்.

இப்படி நாலு வருடம். நாற்பத்தெட்டுப் பிழைகள்.

இந்த மாதம் ஒன்றாம் தேதி எட்டு மணிக்கு எதுவும் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. ஃபோன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. ரூபன் வேறு தூத்துக்குடியிலிருந்து அரைமணிக்கொரு தரம் “வந்துட்டா எக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு வெண்கடுகின் பக்கத்தில் ஒரு வரி முளைத்தது.

‘இதை எழுதியவர் நலமாக இருக்கிறார்.’

எனக்கு உயிர் வந்தது, சிரிப்பும் வந்தது. மனுஷன் அவசரத்தில் பிழை போட மறந்துவிட்டு உண்மையை எழுதி வைத்திருக்கிறாரே! உடனே எழுதினேன். ‘சார், இதில் பிழை இல்லையே. ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும், வேறு ஏதாவது போடுங்கள்.’

பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. கண்ணால் எழுதுகிற அவர் இவ்வளவு வேகமாக என்றைக்கும் பதில் போட்டதில்லை.

‘பிழை இருக்குதுங்க அம்மிணி. நான் கோகிலா. சாவிய என்கிட்டத்தான் குடுத்துட்டுப் போனாரு. நேத்து சாயங்காலத்துல இருந்து அது பிழைதானுங்க. திருத்திப்போடுங்க.’

ரூபனிடம் சொன்னேன். ஆறு மணி தாண்டினால் மூவாயிரம் பேருக்கும் அந்த அலறல் ஆரம்பித்துவிடும், அது இரண்டு பேருக்குமே தெரியும். திருத்தத்தான் வேண்டும். ஆனால் மணி அப்போது ஒன்றுகூட ஆகவில்லை.

படிப்பான்களுக்குக் கையேடு சொல்வதுதான் உண்மை. ஐந்து நாற்பது வரைக்கும் நான் அந்த வரியைத் தொடவில்லை. அன்று பகல் முழுக்க, உலகம் பூராவும், சென்னியப்பன் நலமாக இருந்தார்.

பிறகு திருத்தினேன்.